உங்களுக்குத் தெரியுமா? முதன்முறையாகச் சுருங்கிய ஐரோப்பிய பட்ஜெட்

ஐரோப்பிய ஒன்றியம் தன் செலவுக்கான உச்சவரம்பை ஏழு ஆண்டுகளுக்கு ஒருசேர வகுக்கிறது. 2014-2020 காலத்துக்கு, 2011 விலை அளவில், அது 96,000 கோடி யூரோ. முந்தைய ஏழாண்டுத் திட்டத்தைவிடக் குறைவு. ஒன்றியத்தின் வரலாற்றில் இப்படிக் குறைந்தது அதுவே முதன்முறை!

2013 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் கூடிய 27 நாடுகளின் தலைவர்கள் விடிய விடியப் பேசி இந்த வரம்புக்கு உடன்பட்டார்கள். உள்நாட்டில் சிக்கனம் பிடித்த பிரிட்டனும் ஜெர்மனியும் பொதுச் செலவிலும் வெட்டு கேட்டன. விவசாய மானியத்தைக் காக்கப் போராடியது பிரான்ஸ். பின்தங்கிய பகுதிகளுக்கான வளர்ச்சி நிதியை விட்டுக்கொடுக்க போலந்து மறுத்தது.

பெரிய அடி விழுந்தது எதிர்காலத்துக்கான செலவில்தான். அதிவேக இணையத்துக்கும் டிஜிட்டல் சேவைகளுக்கும் முன்மொழியப்பட்ட 920 கோடி யூரோ, ஏறத்தாழ 100 கோடியாகச் சுருங்கியது.

ஆனாலும் ஆராய்ச்சிக்கான நிதி கூடியது. கிரீஸிலும் ஸ்பெயினிலும் வேலை தேடிய இளைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைக்காத காலம் அது. அதனால் இளைஞர் வேலைவாய்ப்புக்கென 600 கோடி யூரோவில் புதிய திட்டமும் பிறந்தது.

அடுத்த மாதமே ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்த உடன்பாட்டை ஏற்க மறுத்தது. மொத்தத் தொகையை நாடாளுமன்றத்தால் உயர்த்த முடியவில்லை. ஆனால், செலவாகாத நிதியைப் பின்வரும் ஆண்டுகளில் பயன்படுத்தவும், இடையில் திட்டத்தை மறுஆய்வு செய்யவும் வழிவகை பெற்ற பிறகே 2013 நவம்பரில் ஒப்புதல் தந்தது.