எடைக்குப் போன எழுத்துகள்

கடந்த மார்ச் மாதம் அப்பா முதன்முறையாக ஜெர்மனிக்கு வந்திருந்தார். நான் வேலை பார்க்கும் லைப்சிக் நகரத்தைச் சுற்றிக் காட்டினேன். ரயில் நிலையம், தேவாலயம், பூங்கா எல்லாவற்றுக்கும் "நல்லாருக்குடா" என்று ஒரே பதில்தான். ஊர் திரும்ப நான்கு நாள் இருக்கும்போதுதான், இங்குள்ள அச்சுக்கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாமே என்று தோன்றியது. உள்ளே நுழைந்ததும் மை வாசனை. அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

மயிலாடுதுறையில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சகம் இருந்தது. ஒரு ட்ரெடில் மிஷின், சுவரோரமாக எழுத்துப் பெட்டிகள், அப்பா, அவருக்கு உதவியாக ஒரு அண்ணன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் என்று வேலை ஓடியது. பிறகு டிடிபியும் ஆஃப்செட்டும் வந்தன. 2006-இல் நான் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படித்தபோது, அப்பா எழுத்துகளையெல்லாம் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டுவிட்டார். என் செமஸ்டர் ஃபீஸ் அந்தப் பணத்தில்தான் கட்டப்பட்டது என்று அம்மா சொன்னது பல வருடம் கழித்துத்தான்.

லைப்சிக் ஒரு காலத்தில் ஜெர்மன் புத்தகத் தொழிலுக்கே தலைநகரம் மாதிரி இருந்த ஊர். 1994-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகத்தில் மிஷின்கள் கண்ணாடிக்குப் பின்னால் தூங்குவதில்லை, ஓடுகின்றன. எழுத்து வார்ப்பதில் தொடங்கி புத்தகம் கட்டுவது வரை செய்து காட்டுகிறார்கள். ஹைடல்பர்க் மிஷின் அருகே நின்றிருந்த ஒரு பெரியவர், அப்பா அதைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார் போலும். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஸ்விட்சைப் போட்டார். இரண்டு இரும்புக் கைகள் காற்றாடிபோலச் சுழன்று தாளை எடுத்து, அச்சிட்டு, அந்தப் பக்கம் வைத்தன. 1914 முதல் 1985 வரை தயாரான மாடல் இது. நம்மூர் அச்சகங்களில் இன்னும் சில இடங்களில் நம்பர் போடவும், அட்டையை வெட்டவும், மடிப்புக் கோடு போடவும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் அந்தப் பெரியவர் அப்பாவின் கையில் ஸ்டிக்கைக் கொடுத்தார். என் எட்டு வயது மகளின் பெயரை ஆங்கில எழுத்தில் கோர்க்கத் தொடங்கினார் அப்பா. எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கும், கோர்ப்பவர் அதைத் தலைகீழாக வைத்து இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே போக வேண்டும். கைக்கு எல்லாம் நினைவிருந்தது. ஆனால் எந்த எழுத்து எந்த அறையில் என்றுதான் தேடினார். "நம்ம வீட்டு அடுப்படின்னா கண்ணை மூடிக்கிட்டே உப்பு எடுப்பேன். இது அடுத்த வீட்டு அடுப்படிடா" என்று சிரித்தார்.

அச்சான தாளை மகள் வாங்கிப் பார்த்தாள். "தாத்தா, தமிழ்ல போடுங்க" என்றாள்.

"தமிழ் எழுத்து இங்க இல்லம்மா."

"உங்க வீட்ல இருக்குமே?"

"இல்ல. வித்துட்டேன்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

லைப்சிக்கிலிருந்து ரயிலில் சுமார் அரை மணி நேரத்தில் ஹாலே. அங்குள்ள பிராங்கே நிறுவனத்தின் முயற்சியில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள்தான் 1713-இல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்து சேர்ந்தன. எழுத்து மிகப் பெரிதாக இருந்ததால் காகிதம் நிறையச் செலவானது. அதனால் சீகன்பால்கும் அவருடன் இருந்தவர்களும் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அந்த அச்சகத்தில்தான் வெளிவந்தது. அதற்கும் முன்பே, 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாகிவிட்டது. மறுநாள் அப்பாவை ஹாலேவுக்குக் கூட்டிப்போய் இந்தக் கதையைச் சொன்னேன். "நம்ம கடையிலேர்ந்து தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. யாருமே எனக்கு இதைச் சொல்லலியே" என்றார்.

தமிழ் அச்சுக் கோர்ப்பு எவ்வளவு பெரிய வித்தை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 247 எழுத்துக்கும் தனித்தனி அச்சு வேண்டாம். கொம்பும் காலும் தனியாக இருந்தால் கெ, கே, கொ, கோ எல்லாம் வந்துவிடும். ஆனால் க, க், கி, கீ, கு, கூ ஆகிய ஆறுக்கும் தனி வார்ப்பு வேண்டும். 18 வரிசைக்கு 108. அதோடு உயிரெழுத்து, ஆய்தம், கிரந்தம், எண்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு என்றால் துதிக்கை போட்ட பழைய ணை, லை, னை, ளை வேறு. இத்தனை அறைகளையும் அப்பாவின் கை பார்க்காமலே தொடும். கீபோர்டில் தட்டிச் சம்பாதிக்கும் எனக்கு அந்த வித்தையின் மதிப்பு நாற்பதை நெருங்கும்போதுதான் புரிகிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஈய எழுத்து தேயும். தேய்ந்தால் மறுபடி வார்க்கத் தாய் அச்சு வேண்டும். வார்ப்படக் கூடம் மூடி, தாய் அச்சும் எடைக்குப் போய்விட்டால் அந்த எழுத்துரு அத்தோடு முடிந்தது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பிரிண்ட் அவுட் இருக்கிறது, சோர்ஸ் கோட் போய்விட்டது. மிஷினும் அப்படித்தான். ரோலர் இறுகிப்போகும், ஓட்டாமல் விட்டால் துரு பிடிக்கும். ஓட்டத் தெரிந்த ஆள் இல்லையென்றால் அது வெறும் இரும்பு. அதனால்தான் ஜெர்மனியில் 2018-இல் கலைசார்ந்த அச்சு நுட்பங்களை நாட்டின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, மிஷினை மட்டும் அல்ல, கைவேலையையே சேர்த்தார்கள். ஒவ்வொரு மார்ச் 15-ஆம் தேதியும் அச்சுக்கலை நாள் என்று பட்டறைகளைத் திறந்து வைக்கிறார்கள்.

நம்மால் என்ன முடியும்? வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் ஒரு அருங்காட்சியகம் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலருக்கு அப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவோ கம்போசிட்டராக இருந்திருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரிடம் உட்கார்ந்து, போனில் ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். பரணில் எழுத்துப் பெட்டி இருந்தால் காலி செய்வதற்கு முன் எந்த அறையில் எந்த எழுத்து என்று படம் எடுத்து வையுங்கள். மூடப்போகும் அச்சகம் தெரிந்தால், எடைக்கடைக்குப் போகும் முன் பக்கத்தில் உள்ள கல்லூரியிடமோ நூலகத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் பள்ளி நடத்துபவர்கள் ஒரு சின்னக் கைப்பிரஸ் வாங்கி வைத்தால், பிள்ளைகள் 'அ'வை மரத்தில் செதுக்கி மை தடவி அச்சிட்டுப் பார்க்கலாம். எழுதிப் பழகச் சலித்துக்கொள்ளும் பிள்ளைகூட இதைச் செய்யும். என் வீட்டிலேயே பார்த்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் அப்பா வீடியோ காலில் வருகிறார். பழைய கணக்கு நோட்டில் தன் எழுத்துப் பெட்டியை ஞாபகத்திலிருந்து வரைகிறார். மகள் ஒவ்வொரு அறையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். அவளுக்கு 'ஞ'வும் 'ங'வும் அடையாளம் தெரிந்தது இப்படித்தான். ஏழு அறைகள் அப்பாவுக்கு நினைவு வரவில்லை. கடையில் கூட வேலை பார்த்த அந்த அண்ணனைத் தேடிக் கேட்கிறேன் என்றிருக்கிறார்.

என் படிப்புக்காக எடைக்குப் போன எழுத்துகளை என்னால் திரும்ப வாங்க முடியாது. அவை எங்கே இருந்தன என்பதையாவது எழுதி வைத்துவிடுகிறேன்.