மணிக்கணக்கில் வயதாகும் மீன் முட்டை

கருவுற்றதிலிருந்து வலையில் சிக்கும்வரை சென்ற நேரமே மீன் முட்டையின் வயது. காவிரிப் படுகையில் அது மணிக்கணக்குதான்: கட்லா, ரோகு, மிர்கால் முட்டைகள் 28 டிகிரியை ஒட்டிய நீரில் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். வடகடலின் காட் மீன் முட்டைக்கு 6 டிகிரிக் குளிரில் இரண்டு வாரம் வேண்டும். எனவே கருவின் நிலை, நீரின் வெப்பம் இரண்டும் தெரியாமல் வயது சொல்ல முடியாது.

கருவின் நிலையை நுண்ணோக்கி காட்டும். கெண்டை முட்டையில் முக்கால் மணிக்குள் முதல் பிளவு தெரியும். இரண்டு மணி வாக்கில் மஞ்சள் கருவின் உச்சியில் செல்கள் முசுக்கட்டைப் பழம்போலக் குவிந்திருக்கும். பிறகு செல் படலம் மஞ்சள் கருவைப் போர்த்தியபடி கீழே இறங்கும். அடியில் சிறு துளை மட்டும் மூடாமல் நின்றால் ஏறத்தாழ ஐந்தாறு மணி. தலையும் வாலும் பிரிந்து கரு துள்ளத் தொடங்கினால் பொரிப்புக்கு அதிக நேரமில்லை. வெளுத்துப்போன முட்டை கணக்கில் சேராது, அது செத்தது.

இந்த நேர அட்டவணையைத் தயாரிக்க, கருவுற்ற நேரம் உறுதியாகத் தெரிந்த முட்டை வேண்டும். கொள்ளிடத்தின் அணைக்கரையில் உல்லம் மீனுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்து பார்த்த சென்னை மாகாண மீன்வள நிபுணர் எச்.சி.வில்சன் 1909இல் அறிக்கை தந்தார், பி.சுந்தர ராஜ் அதைப் பற்றி 1917இல் எழுதினார். அவர்கள் நோக்கம் மீனைப் பெருக்குவது. ஆனால் கையால் கருவூட்டிய முட்டைக்குப் பிறந்த நேரம் தெரியும் என்பதே ஆய்வாளருக்குப் பெரிய வசதி. 1957இல் ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாறு ஊசியால் கெண்டைகளை முட்டையிட வைத்தபின், அந்த வசதி பொரிப்பகங்களுக்கெல்லாம் வந்தது.

கடலில் முட்டையின் வயதை அறிவதன் பயன் வேறு. 1980களில் கலிபோர்னிய நெத்திலிக்காக உருவான முறையில், முட்டைகளை வயதுவாரியாகப் பிரித்து, வயது ஏற ஏற எண்ணிக்கை எப்படிச் சரிகிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சரிவுக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் ஒரு நாளில் இடப்பட்ட முட்டைகள் எத்தனை என்று தெரியும். அதிலிருந்து தாய்மீன் இருப்பைக் கணக்கிடலாம். நெத்திலி, மத்தி இனங்கள் பெரும்பாலும் இரவில் முட்டையிடுவதால் தொடக்க நேரத்தை ஊகிப்பது எளிது. வெப்பக் கடலிலோ முட்டை ஏறக்குறைய ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். ஒரே இரவின் முட்டைகள்தாம் வலையில் இருக்கும். அங்கே ஒரு மணி நேரப் பிழையும் கணக்கைக் கெடுக்கும்.

ஆற்றில் வயது இடத்தைச் சொல்கிறது. நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் 5 மணி வயது முட்டை கிடைத்தால், அது 18 கிலோமீட்டர் மேலே இடப்பட்டது. சீனாவின் யாங்சே ஆற்றில் கெண்டைகள் முட்டையிடும் இடங்களை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். கொள்ளிடத்தில் இதே கணக்கைப் போடுபவர் மதகுகள் திறந்த நேரத்தையும் கேட்டு வாங்க வேண்டும். ஷட்டர் ஏறினால் ஓட்டமும் மாறிவிடும்.