கண்புரைச் சிகிச்சையும் கடனும்

அறுந்த இழை கண்ணுக்குப் புலப்படாமற் போனால் சேலையில் குறை விழுகிறது; கூலியும் குறைகிறது. அந்நிலையில், கண்புரைச் சிகிச்சைக்கென நகையை அடகு வைக்கும் அங்கத்தினர்களைத் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் காண்கிறோம்.

கண்ணினுள் மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்துவதே இச்சிகிச்சை. வில்லையின் வகை, தங்கும் அறை ஆகியவற்றிற்கேற்பவே கட்டணம் ஏறுகிறது. முன்னர் வில்லைகள் அயல்நாடுகளினின்று வந்தன. 1992-இல் மதுரையில் ஆரோலேப் தோன்றியபின் விலை வெகுவாகக் குறைந்தது. மடங்காத வில்லையும் நல்ல பார்வை தரும். மடங்கும் வில்லைக்குக் காயம் சிறிது, விரைவில் ஆறும். அவ்வொரு வசதிக்காக வட்டிக்கடன் வாங்குவது நமக்கு உடன்பாடன்று.

அரசு மருத்துவமனைகளிலும், அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகள் நடத்தும் முகாம்கள் வாயிலாகவும் இச்சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும் செலவே இல்லையென எண்ணலாகாது. நோயாளியின் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும்; சொட்டு மருந்து சில வாரங்கள் இடவேண்டும்; படிக்கவும் இழை பார்க்கவும் கண்ணாடி தேவைப்படலாம். சேமிப்பு இதற்கே உதவவேண்டும்.

பாவு இறங்கிய பின்னரோ அறுவடை முடிந்த பின்னரோ நாள் குறிப்பது நலம். ஆனால், "புரை முற்றட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் பழைய வழக்கம். மிக முற்றினால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வையே பறிபோகவும் கூடும்.

கட்டணச் சிகிச்சையை நாடுவோர், வில்லை, மருந்து, கண்ணாடி யாவும் அத்தொகையில் அடங்குமா என முன்னரே எழுத்தில் பெற்றுக்கொள்க.