வெள்ளம் வடிந்த வைன் ஊரில் இரண்டு நாட்கள்

ஜேர்மனியில் ஒரு வார இறுதியை ஆற்றங்கரை வைன் ஊர் ஒன்றில் ஆறுதலாகக் கழிக்க வேண்டுமென்று தீர்மானித்தால் தெரிவுக்குப் பஞ்சமில்லை. ரைன் கரையில் ரூடெஸ்ஹைம், பாக்கராக். மோசல் கரையில் கொக்கெம், பேர்ன்காஸ்டல். மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், மலைச்சரிவில் திராட்சைத் தோட்டங்கள், கீழே ஆறு, ஆற்றில் சுற்றுலாப் படகு. தபாலட்டையில் வருகிற ஜேர்மனி இதுதான். ஊரிலிருந்து விசா எடுத்து வருகிற உறவினர்களைச் சொந்தக்காரர் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் இந்த ஊர்களில்தான்.

நான் திட்டமிட்டது இவற்றில் எதற்கும் அல்ல, ஆர்வைலருக்கு. ரைனில் வந்து கலக்கும் ஆர் என்ற சிறிய ஆற்றின் கரையில் இருக்கும் மதில் சூழ்ந்த ஊர். ('யார்' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஆர்' மாதிரியேதான் ஆற்றின் பெயரையும் உச்சரிக்கிறார்கள். "ஆரிட்டைப் போறம்?" என்று சித்தி சிரித்தது அதற்குத்தான்.)

பயணம் எனக்கு மட்டுமானதல்ல. ஹம் நகரில் இருக்கும் என் சித்தியும் சித்தப்பாவும் 1980களின் நடுப்பகுதியில், அந்தக் காலத்தில் பலர் வந்ததுபோல, கிழக்கு பேர்லின் வழியாக வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள். அப்போது விண்ணப்பதாரர் ஒருவர் தனக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையைத் தாண்டுவதற்கு அதிகாரிகளிடம் எழுத்தில் அனுமதி பெறவேண்டும். பக்கத்து நகரத்தில் சொந்தக்காரரைப் பார்க்கப் போய்ப் பிடிபட்டால் தண்டம். இந்த விதி 2015இல்தான் பெருமளவு தளர்த்தப்பட்டது. வதிவிட உரிமை கிடைத்த பிறகும் அவர்கள் போன இடங்களெல்லாம் கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, ஹம் காமாட்சி அம்பாள் தேர். ஒரு காரணமும் இல்லாமல், ஆர் வீட்டிலும் தங்காமல், வெறுமனே ஓர் ஊரில் இரண்டு இரவு இருந்துவிட்டு வருவது என்ற எண்ணமே அவர்களுக்குப் புதிது. "வைன் ஊருக்கு நான் போய் என்ன செய்யிறது பிள்ளை?" என்பது சித்தியின் கேள்வி. நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதற்கான பதில்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. ஜேர்மனியின் மிகச் சிறிய வைன் பிரதேசங்களில் ஆர் பள்ளத்தாக்கும் ஒன்று. இவ்வளவு வடக்கே வெள்ளை வைன் திராட்சைதான் நன்றாக வரும் என்பது பொது விதி. ஆனால் இங்கே பாதிக்கு மேல் சிவப்பு வைனுக்கான ஸ்பேட்புர்குண்டர் திராட்சை. பள்ளத்தாக்கு ஒடுங்கியது, தெற்கு நோக்கிய சரிவுகள் செங்குத்தானவை. கரும்பலகைக் கல் நிறைந்த மண் பகல் வெயிலை உறிஞ்சி வைத்து இரவில் கொடிகளுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சரிவில் மண் இறங்காமல் இருக்கக் கல்லடுக்கிக் கட்டிய படிவரிசைகள் ஊருக்கு மேலே தெரியும். அதில் இயந்திரம் ஏறாது. ஒவ்வொரு கொடியையும் மனிதர் ஏறித்தான் பார்க்கவேண்டும்.

2021 ஜூலை 14 இரவு இந்த ஆறு ஊருக்குள் வந்தது. மேலே உள்ள ஆல்டெனார் கிராமத்து அளவுகோலில் அதுவரை பதிவான உச்சம் 2016இல் வந்த 3.71 மீற்றர். அன்றிரவு அந்தக் கருவி 5.75 மீற்றரைக் காட்டிய பிறகு ஆற்றோடு போய்விட்டது. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆறு ரைனைச் சேருமிடத்திலுள்ள சின்சிக் நகரில், மாற்றுத்திறனாளிகள் இல்லமொன்றில் தூங்கிக்கொண்டிருந்த 12 பேர் அவர்களில் அடக்கம். 60இற்கும் மேற்பட்ட பாலங்கள் உடைந்தன. மக்களை வெளியேறச் சொல்லும் உயர்மட்ட அறிவிப்பை மாவட்ட நிர்வாகம் விடுத்தது இரவு 11 மணிக்குப் பிறகு. மேற்பகுதிக் கிராமங்களில் அப்போது வீடுகள் ஏற்கனவே இடிந்துகொண்டிருந்தன. 1804இலும் 1910இலும் இதே ஆறு இதுபோல் பெருகிப் பலரைக் கொன்றிருக்கிறது. அந்த வெள்ளங்கள் அபாய வரைபடங்களில் கணக்கில் எடுக்கப்பட்டிருக்கவில்லை. மாவட்டத் தலைவர் மீதான விசாரணையை 2024 ஏப்ரலில் அரச வழக்குத்தொடுநர் அலுவலகம் வழக்கில்லாமலே முடித்துக்கொண்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. பொறுப்புக்கூறல் என்ற சொல்லோடு பதினைந்து வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கும் எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மீள்கட்டுமானத்துக்காக அரசாங்கம் 30 பில்லியன் யூரோ நிதியத்தைச் சட்டமாக்கியது அதே வருட செப்டெம்பரில். வெள்ளம் நடந்து இரண்டு மாதத்துக்குள்.

அப்படியானால் அங்கே ஓய்வெடுக்கப் போவது சரியா? வெள்ளம் வடிந்த முதல் வாரங்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கார்கள் வீதியை அடைத்து மீட்பு வாகனங்களை மறித்தன. வரவேண்டாம் என்று பொலிஸ் கேட்டுக்கொண்டது. அதன் கசப்பு எப்படியிருக்கும் என்று வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2009இற்குப் பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து கிளிநொச்சியில் விழுத்தப்பட்ட தண்ணீர்த் தாங்கிக்கும் புதுக்குடியிருப்புப் பங்கருக்கும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனபோது, பக்கத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்த சனத்திடம் ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்கவில்லை. குளிர்பானம் விற்ற கடையும் இராணுவத்தினுடையது. காங்கேசன்துறையில் கடல் பார்த்த விடுதியும் இராணுவத்தினுடையது. இடம் எங்களுடையது, வருமானம் வேறு ஆருடையதோ.

ஆர்வைலரில் நான் பார்த்ததும் இதைத்தான்: காசு எங்கே போகிறது? சில மாதங்களில் அந்த ஊர்க்காரர்களே வாருங்கள் என்று அழைக்கத் தொடங்கினார்கள். அந்த அழைப்பைப் பார்த்த பிறகுதான் இதை ஒரு ஓய்வு இடமாக யோசிக்கத் துணிந்தேன். தங்குமிடத்தைத் தேடும்போது பெரிய ஹோட்டல்களை விட்டுவிட்டு, வைன் செய்யும் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே வாடகைக்கு விடும் அறைகளைப் பார்த்தேன். வீட்டுக்காரரே காலையில் பாணும் சீஸும் வைப்பார், பிறகு தோட்டத்துக்குப் போய்விடுவார். மாலையில் சாப்பிட ஸ்ட்ராவுஸ் என்று அழைக்கப்படும் தோட்டக்காரர் கடைகள் இருக்கின்றன. வருடத்தில் நான்கு மாதங்கள் வரை, 40 இருக்கைகளுக்கு மேற்படாமல், தன் சொந்த வைனைத் தன் வீட்டிலேயே விற்க ஒரு விவசாயிக்குச் சட்டம் அனுமதிக்கிறது. தனியாக மதுபான உரிமம் தேவையில்லை. வாசலில் ஒரு கிளைக்கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் மைஷோஸ் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் 1868இல் தொடங்கியது. உலகிலேயே பழைய வைன் கூட்டுறவு என்று அதைச் சொல்கிறார்கள். வியாபாரி வைத்ததே விலை என்றிருந்த காலத்தில் சிறு தோட்டக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து தொடங்கியது. எங்கள் கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. 2021இல் சரிவுகளில் இருந்த கொடிகள் பெரும்பாலும் தப்பின, நிலமட்டத்தில் இருந்த நிலவறைகள்தான் போயின. பீப்பாக்கள் மிதந்தன, போத்தல்கள் சேற்றுக்குள் புதைந்தன. அந்தப் போத்தல்களைக் கழுவாமல், சேற்றோடே, வெள்ள வைன் என்று பெயரிட்டு இணையத்தில் விற்றார்கள். 40 இலட்சம் யூரோவுக்கு மேல் சேர்ந்தது. அவர்கள் அதற்கு நன்கொடை என்று பெயர் வைத்திருந்தாலும் கொடுத்தவர் கையில் ஒரு போத்தல் கிடைத்தது, வாங்கியவர் கையேந்தவில்லை. நிவாரண வரிசையில் நின்ற எவருக்கும் இந்த வித்தியாசம் புரியும். அந்த இலையுதிர்கால அறுவடைக்கு மற்றப் பிரதேசத் தோட்டக்காரர்கள் தங்கள் இயந்திரங்களோடு வந்து நின்றதையும் சொல்லவேண்டும்.

இனித் திட்டம். வெள்ளி மாலை ஹம்மிலிருந்து கொலோன், அங்கிருந்து ரைன் கரையோடு ரெமாகன், அங்கே ஆர் பள்ளத்தாக்கு ரயிலுக்கு மாறவேண்டும். பொன் நகரிலிருந்து வருபவர்களுக்கு மாற்றமில்லாத ரயில் உண்டு. உள்ளூர் ரயில்கள் எல்லாவற்றுக்குமான மாதாந்தச் சீட்டு, 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகிப் பிறகு விலை ஏறியது, கையில் இருந்தால் தனியாகச் செலவில்லை. விரைவு ரயிலுக்கு அது செல்லாது. வெள்ளத்தில் இந்தப் பாதையின் தண்டவாளம் ஆற்றுக்குள் தொங்கியது. கீழ்ப்பகுதி 2021 நவம்பரிலேயே திறந்தது, மேல்கிராமங்கள் பல வருடம் பஸ்ஸை நம்பி இருந்தன. எந்தப் பகுதியில் ரயில், எந்தப் பகுதியில் பஸ் என்பதைப் புறப்படும் வாரத்தில் ரயில் சேவையின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

சனிக்கிழமை முழுவதும் நடை. ஊருக்கு நான்கு வாசல், சுற்றிவர நடுக்கால மதில். ஒரு மணி நேரத்தில் ஆறுதலாகச் சுற்றிவிடலாம். உள்ளே 1269இல் கட்டத் தொடங்கிய புனித லோரன்ஸ் தேவாலயம். சில சுவர்களில் தலைக்கு மேல் ஒரு கோடும் ஒரு திகதியும் இருக்கும், அதுவரை தண்ணீர் வந்தது. அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கவேண்டாம் என்று சித்தப்பாவுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இந்தக் கட்டுரையை வாசிக்கும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். மதிலுக்கு வெளியே ஏறினால் சிவப்பு வைன் நடைபாதை. மொத்தம் ஏறத்தாழ 35 கிலோமீற்றர், தோட்டங்களுக்கு நடுவே பள்ளத்தாக்கின் மேல்பக்கத்தால் போகிறது. சிவப்புத் திராட்சைக் குலை போட்ட பலகையைப் பின்தொடர்ந்தால் வழி தவறாது. முழங்கால் வருத்தம் உள்ள சித்திக்கு மரியன்தால் வரை போதும். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கன்னியர் மடமொன்றின் இடிபாடுகளுக்குள் அங்கே வைன் தோட்டக்காரர்கள் கடை நடத்துகிறார்கள். தெம்பிருப்பவர்கள் டேர்னாவ் வரை போகலாம். வெள்ளத்தில் மிக மோசமாக அடிபட்ட கிராமங்களில் அது ஒன்று.

குடிக்காதவர் என்ன செய்வது? இதுதான் சித்தியின் உண்மையான கவலை. வைன் கடையில் தண்ணீர் கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்ற கூச்சம். தோட்டக்காரர் கடைகளில் அவர்களே பிழிந்த திராட்சைச் சாறு பெரும்பாலும் இருக்கும், வைன் கிண்ணத்திலேயே ஊற்றித் தருவார்கள். தண்ணீருக்கும் இங்கே ஒரு கதை இருக்கிறது. 1852இல் பக்கத்து ஊர்த் தோட்டமொன்றில் திராட்சைக் கொடிகள் காரணமில்லாமல் பட்டுப்போக, தோண்டிப் பார்த்தபோது கீழே வாயு நிறைந்த ஊற்று. அதுதான் உலகமெங்கும் போன அப்போலினாரிஸ் போத்தல் தண்ணீர். செப்டெம்பர், ஒக்டோபரில் போகிறவர்கள் அரைவாசி நொதித்த புது வைனைக் காண்பார்கள். கலங்கல், இனிப்பு, நுரை, மூடியை இறுக்க முடியாது. குடித்துப் பார்க்காமலே சித்தப்பா அதற்கு வைத்த பெயர் "ஜேர்மன் கள்ளு". அதோடு வெங்காயம் போட்டுச் சுட்ட ஒரு பணியாரம் தருவார்கள், பன்றி இறைச்சித் துண்டு சேர்ந்திருக்கும் என்பதால் கேட்டு வாங்கவேண்டும்.

ஞாயிறுக்கு எல்லாரும் சிபாரிசு செய்வது ஊருக்கு மேலேயுள்ள அரசாங்கப் பங்கர். முதல் உலகப்போருக்கு முன் இராணுவத் தேவைக்காகத் தொடங்கி முடிக்காமல் விட்ட ரயில் பாதையின் சுரங்கங்கள் அந்த மலைக்குள் இருந்தன. 1943, 44இல் நாசிகள் அவற்றில் வி2 ஏவுகணைகளுக்கான வாகன உபகரணங்களைச் செய்தார்கள், வேலைக்குக் கட்டாய உழைப்பாளரும் புக்கன்வால்ட் முகாம் கைதிகளும். முகாமின் மறைபெயர் திராட்சைக்கொடி. 1960களில் அதே சுரங்கங்களை மேற்கு ஜேர்மனி 17 கிலோமீற்றருக்கு மேல் நீளமான பங்கராக மாற்றியது. அணுகுண்டுப் போர் வந்தால் அரசாங்கத்தார் 3,000 பேர் 30 நாள் உயிரோடு இருப்பதற்கு. கட்டியது மிக இரகசியமாக. ஊர்ச் சனத்துக்கு அதில் இடமில்லை. 2008இலிருந்து ஒரு சிறு பகுதி அருங்காட்சியகம், வழிகாட்டியோடு ஒன்றரை மணி நேரம், உள்ளே எப்போதும் 12 பாகை குளிர்.

பக்கத்து மலையில் இன்னொரு சுரங்கம் இருந்தது, சில்பர்பேர்க். 1944–45 குளிர்காலத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து ஏறத்தாழ 2,500 ஆர்வைலர்வாசிகள் அதற்குள் பலகைக் கொட்டில்கள் அடித்துக் குடியிருந்தார்கள். மலைக்குள் ஊர் என்று இப்போதும் சொல்வார்கள். அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது, நுழைவுச்சீட்டு இல்லை.

இரண்டையும் சித்தியிடம் சொன்னேன். முதலாவதற்கு உடனேயே தலையாட்டி மறுத்தா. பலாலிப் பக்கமிருந்து ஷெல் வந்த நாட்களில் முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் இருந்தவ, காசு கொடுத்து இன்னொன்றுக்குள் இறங்கமாட்டா. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் வற்புறுத்தவேண்டாம். வெளியில் காத்திருக்கத் தோட்டத்துக்கு நடுவே வாங்கு உண்டு. இரண்டாவதைக் கேட்டுவிட்டுச் சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதுக்குள்ள எப்பிடிச் சமைச்சவையாம்?" என்று கேட்டா. ஞாயிறு காலை அங்கே போவதென்று எழுதிக்கொண்டேன்.

பருவம் பற்றி: செப்டெம்பர், ஒக்டோபரில் அறுவடை, வைன் விழாக்கள், சனநெரிசல். அறையும் விலை கூடும். வெள்ளத்தில் போன விடுதிகளில் சில மீளவேயில்லை, ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்னதாகப் பதியவேண்டும். ஆறுதலாக இருக்க விரும்பினால் மே அல்லது ஜூன் நல்லது. ஞாயிறில் கடைகள் பூட்டு, பழமோ மருந்தோ சனிக்கிழமையே வாங்கிவிடவேண்டும். தோட்டக்காரர் கடைகளில் பல அட்டை எடுக்காது, காசாகக் கொண்டுபோகவும். தங்கிய வீட்டில் புறப்படும்போது இரண்டு போத்தல் வாங்கினால் அவர்களுக்கு அது அறை வாடகையைவிடச் சந்தோசம். குடிக்காத வீட்டுக்கும் அடுத்த கல்யாணவீட்டுக்குக் கொண்டுபோக உதவும். சித்தியின் கடைசி நிபந்தனை சனிக்கிழமைக்கு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போவது. அறைக்காரரிடம் மின்னஞ்சலில் கேட்டேன், முற்றத்து மேசையில் வைத்துச் சாப்பிடலாம் என்று பதில் வந்திருக்கிறது.