காலை ஆறு மணி யாருடையது?

பள்ளி மாணவர்களுக்கு நேரமேலாண்மை கற்பிக்க வேண்டும் என்னும் பேச்சு ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் புத்தகப்பையோடு சேர்ந்தே வருகிறது. நேரமேலாண்மை என்பது மூன்று செயல்களின் கூட்டு: செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துதல், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடுதல், அந்த மதிப்பீட்டை நடந்து முடிந்ததோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுதல். பயிலரங்குகளில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே, அதுவும் வண்ணப் பென்சிலால் கட்டம் போட்டு நிரப்பும் அட்டவணையாகச் சொல்லித் தரப்படுகிறது. கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரச் சிற்றூர்களில் வளரும் பிள்ளைக்கு அந்த அட்டவணையால் ஆகக்கூடியது குறைவு. ஏனெனில் அதன் கட்டங்களைப் பள்ளியும் பேருந்தும் டியூஷனும் முன்பே நிரப்பிவிடுகின்றன.

கேரளத்தில் 2025 ஜூன் முதல் உயர்நிலை வகுப்புகளுக்கு, அதாவது எட்டு முதல் பத்து வரை, வெள்ளிக்கிழமை நீங்கலாக நாள்தோறும் அரை மணி நேரம் கூட்டப்பட்டுள்ளது. பத்து மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடிந்த பள்ளி, காலை 9.45 முதல் மாலை 4.15 வரை நீண்டிருக்கிறது. இந்த ஆறரை மணி நேரத்தோடு காலையில் ஒன்றரை மணி, மாலையில் இரண்டு மணி என்று டியூஷனைச் சேர்த்தால், பயணத்தையும் வீட்டுப்பாடத்தையும் கணக்கில் எடுக்காமலேயே ஒரு நாளில் பத்து மணி நேரம் ஆகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வயது வந்த தொழிலாளிக்கு வகுத்த வரம்பே 9 மணி நேரம்தான் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பாடத்திட்டத்தின் ஒரு மூலையில், யாரும் அப்படிப் பெயர் சூட்டாமலேயே, நேரமேலாண்மை ஒழுங்காகக் கற்பிக்கப்படுகிறது. கேரள எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் வினாத்தாள் கைக்கு வந்த முதல் 15 நிமிடம் 'கூல் ஆஃப் டைம்' எனப்படும். அந்த நேரத்தில் விடை எழுதக் கூடாது, வாசிக்கலாம், எதை முதலில் எழுதுவது என்று திட்டமிடலாம். அதன்பின் 40 மதிப்பெண் தாளுக்கு ஒன்றரை மணி நேரமும் 80 மதிப்பெண் தாளுக்கு இரண்டரை மணி நேரமும் தரப்படும். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால், தமிழகப் பத்தாம் வகுப்புத் தேர்வில் வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம், விவரங்களை நிரப்ப 5 நிமிடம், எழுத மூன்று மணி நேரம். வகுத்துப் பார்த்தால் 100 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண்ணுக்கு 108 வினாடியும், கேரளத்தின் 80 மதிப்பெண் தாளில் 112.5 வினாடியும், 40 மதிப்பெண் தாளில் 135 வினாடியும் கிடைக்கின்றன. அத்தை மகன் அந்தப் பக்கமும் மாமன் மகள் இந்தப் பக்கமுமாகப் படிக்கும் குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில், இந்தச் சிறு வகுத்தல் கணக்கை ஒரு பிள்ளையைக் கொண்டே போடச் செய்வது பல பயிலரங்குகளை விடப் பயன் தரும்.

எழுதாமல் காத்திருக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தின் அருமையை உளவியல் ஆய்வுகளும் வேறொரு வழியில் உறுதிசெய்கின்றன. ஒரு வேலை முடிய ஆகும் நேரத்தை மனிதர்கள் வழக்கமாகக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பதை 1979இல் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 'திட்டமிடல் பிழை' என்று பெயரிட்டு விளக்கினர். 1994இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த பல்கலைக்கழக மாணவர்களுக்கு 55 நாளுக்கு மேல் பிடித்தது. இதற்கு மருந்து எளியது, செலவில்லாதது. ரஃப் நோட்டின் பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கத்தில் 'பத்துக் கணக்கு, அரை மணி' என்று தொடங்குமுன் எழுதி, வலப்பக்கத்தில் முடிந்த நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளைக்குத் தன் அரை மணி என்பது ஐம்பது நிமிடம் என்று தெரிந்துவிடும். இருபத்தைந்து நிமிடம் உழைத்துச் சற்று ஓய்வெடுக்கும் 'பொமொடோரோ' முறையை 1980களின் இறுதியில் வகுத்தவர் பிரான்செஸ்கோ சிரில்லோ என்னும் இத்தாலியர். தமிழரின் நாழிகை 24 நிமிடம் என்பதால், அதைப் புதிதாக இறக்குமதி செய்ததாகப் பெருமைப்பட அதிகம் இல்லை.

இந்த மண்ணில் காலக் கணக்கு தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. வெள்ளறடை, குன்னத்துக்கால் பக்கத்து ரப்பர் விளைகளில் பால் வெட்டுபவர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். வெயில் ஏறி இலைகள் நீரை வெளிவிடத் தொடங்கினால் பட்டைக்குள் பால்குழாய்களின் அழுத்தம் தளர்ந்து பால் குறையும் என்பதே காரணம். சுமார் 300 மரங்களை வெட்டி முடித்து, சிரட்டைகளில் பால் சொட்டி நிற்கும் வரை இரண்டு மூன்று மணி நேரம் காத்திருந்து, பிறகு வாளியோடு திரும்பி வந்து சேகரிக்கிறார். காத்திருப்பும் வேலையின் ஒரு பகுதி என்பது அவருடைய அட்டவணையில் எழுதாமலே இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே உள்ள பாலராமபுரத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் தெருக்களில், பாவு நூலைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சிப்பசை ஏற்றும் வேலை வெயில் உறைக்குமுன் முடிய வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு அக்கம்பக்கத்துக் கைகளும் வந்து சேர்ந்தால்தான் அது நடக்கும். எந்தப் பயிலரங்கு நடத்துபவரும் இவர்களில் ஒருவரை வகுப்பறைக்கு அழைத்ததாகத் தெரியவில்லை என்பது வியப்புதான்.

மீண்டும் பிள்ளையின் அட்டவணைக்கு வருவோம். டியூஷன் இல்லாவிட்டால் பிள்ளை அந்த நேரத்தைக் கைபேசியில் தொலைப்பான் என்றும், வீட்டில் தமிழ் மட்டுமே புழங்குகையில் மலையாளப் பாடத்துக்கு உதவ வேறு ஆள் இல்லை என்றும் பெற்றோர் சொல்வதில் பொருள் இல்லாமல் இல்லை. எனினும் இதில் கவலைக்குரியது பாடமல்ல, தூக்கம். 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. வளரிளம் பருவத்தில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் தாமதமாகவே ஊறத் தொடங்குவதால், ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னாலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண் அயர்வதில்லை. அது அடம் அன்று, உடம்பின் கணக்கு. ஆறு மணி டியூஷனுக்கு ஐந்து மணிக்கு எழ வேண்டிய பிள்ளை பதினொரு மணிக்குத் தூங்கினால் ஆறு மணி நேரமே கிடைக்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் கடன்.

கலிஃபோர்னியாவில் இதே காரணத்துக்காக, பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டம் இயற்றி 2022இல் நடைமுறைப்படுத்தினார்கள். போராடிப் பெற்ற அந்தச் சலுகை கேரளப் பள்ளிகளில் தலைமுறைகளாக இருந்து வருகிறது. மணி அடிப்பதே பத்து மணிக்கு அல்லது அதை ஒட்டித்தான். பள்ளி விட்டுவைத்த அந்த வைகறையைத்தான் டியூஷன் எடுத்துக்கொண்டது. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் தொகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களின் பட்டியலில் நேரமேலாண்மை தனித் திறனாக இடம்பெறவில்லை. மன அழுத்தத்தைச் சமாளித்தல் இடம்பெற்றிருக்கிறது. அட்டவணையை மேலும் நெருக்கமாக நிரப்பக் கற்றுக்கொடுப்பது அந்தத் திறனுக்கு நேர் எதிரான வேலை.

விளையில் பால் வெட்டுவது பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். நாள்தோறும் வெட்டினால் பட்டை நோயுற்று, பால் சுரப்பே நின்றுபோகலாம் என்பதால் மரத்துக்கு அந்த ஓய்வு முறையாகத் தரப்படுகிறது. அதே விளையின் ஓரத்துப் பாதையில், ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும், தோளில் பையோடு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் டியூஷனுக்கு நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.