நாள் தள்ளிப்போகும் முன்பே வேண்டும் ஃபோலேட்

ஃபோலேட் என்பது பி9 வைட்டமின். புதிய செல் உருவாகும் இடமெல்லாம் டி.என்.ஏ. தயாராக இது வேண்டும். அதனால் எலும்பு மஜ்ஜைக்கும் கருவுக்கும் தேவை அதிகம். பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதை லூசி வில்ஸ் 1931இல் அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலேட் என்பது பிறகு தெரியவந்தது.

28 நாள் கணக்கு

மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக்குழாய், கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்துக்குள். பெரும்பாலான பெண்கள் முதன்முறை மருத்துவமனைக்கு வருவதே அதற்குப் பிறகுதான். அப்போது தொடங்கும் ஃபோலிக் அமில மாத்திரை (மாத்திரை வடிவ ஃபோலேட்) ரத்தசோகையைத் தடுக்கும். ஆனால் அந்தக் குழாய் சரியாக மூடாததால் வரும் முதுகுத்தண்டுப் பிளவைச் சரிசெய்யாது. முன்பு இக்குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களிடம், கருத்தரிக்கும் முன்பே தரப்பட்ட ஃபோலிக் அமிலம் அது மீண்டும் வருவதை 72 சதவீதம் குறைத்ததாக 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது.

வீட்டுப் பேச்சுகள்

சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும், உடம்புக்குச் சூடு, பிள்ளை பெருத்து சுகப்பிரசவம் ஆகாது என்ற பேச்சுகளால் எத்தனையோ அட்டைகள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றன. கறுப்பாவது மலம் மட்டுமே. அதற்குக் காரணம் மாத்திரையில் ஃபோலிக் அமிலத்தோடு சேர்ந்திருக்கும் இரும்பு. பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

கீரை சாப்பிட்டால் போதும் என்பதும் பாதி உண்மைதான். ஃபோலேட் நீரில் கரையும், சூட்டில் சிதையும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பங்கு அதோடு போய்விடும். கொஞ்சம் நீரில், வெந்ததும் இறக்குவதே நல்லது. பாசிப்பருப்பும் கொண்டைக்கடலையும் கூடவே சேரட்டும்.

கைக்குழந்தைக்கு ஆட்டுப்பாலே உணவு என்பது ஆபத்து. அதில் ஃபோலேட் மிகக் குறைவு, ரத்தசோகை வரும்.

கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை

சோர்வு, கால் மரத்துப்போதல் என்றதும் மருந்துக்கடையில் ஃபோலிக் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது பெருந்தவறு. குறை பி12இல் இருந்தால், ரத்தம் தேறியதுபோல் தெரியும்; நரம்பு கெட்டுக்கொண்டே போகும். சைவ உணவுக்காரர்களும் முதியவர்களும் இதில் சிக்குவது அதிகம். ரத்தப் பரிசோதனையில் பி12 அளவு தெரிந்துவிடும்.

எப்போது, எவ்வளவு

குழந்தை வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்தே, கருத்தரிக்க ஒரு மாதம் முன்பாவது, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். கர்ப்பத்தின் 12 வாரம் வரை. கணவரும் மாமியாரும் இதைத் தயவுசெய்து தடுக்க வேண்டாம், நினைவூட்ட வேண்டும். முன்பு குறையுள்ள கரு தங்கியவர்களுக்கும் வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கும் இந்த அளவு போதாமல் போகலாம். எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது.