கோடு போடாத கணக்கு

பிளஸ் ஒன் கணக்கு விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்த விடை பழகிப்போன ஒன்று: 5 < x < −2. x என்பது −2-ஐ விடச் சிறியது அல்லது 5-ஐ விடப் பெரியது. இதை ஒரே வரியில் அடக்கிவிட்டதாகப் பிள்ளை நினைக்கிறது. அந்த வரி சொல்வதோ, 5 என்பது −2-ஐ விடச் சிறியது என்று! எண்கோட்டில் குறித்திருந்தால் இரண்டு அம்புகளும் ஆளுக்கொரு திசையில் ஓட, நடுவில் காலியிடம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

இப்படி இரண்டு நிபந்தனைகள் சேர்ந்த கூட்டு அசமன்பாட்டுக்கு ரயில் டிக்கெட்டைவிட நல்ல பாடம் இல்லை. 5 வயது நிரம்பி 12 நிரம்பாத பிள்ளைக்கு, தனிப் படுக்கை கேட்காவிட்டால், அரைக் கட்டணம். அதாவது 5 ≤ x < 12. கோட்டில் 5-ன் மேல் நிரப்பிய வட்டம், 12-ன் மேல் வெற்று வட்டம், இடையில் தடித்த கோடு. 12-ஐயும் நிரப்பிவிட்டால் பரிசோதகரிடம் வாதாடத்தான் வேண்டும். < குறி அச்சேறியது 1631-ல். சமத்தையும் சேர்த்துச் சொல்லும் குறி வந்தது 1734-ல். நூறாண்டு தாமதமாக வந்த அந்தச் சின்னக் கோட்டைப் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவதில் வியப்பென்ன?

அடுத்த வழுக்குப்பாறை, குறை எண். −7 ≤ 3 − 2x < 5. மூன்று பக்கமும் 3-ஐக் கழித்தால் −10 ≤ −2x < 2. −2-ஆல் வகுக்கும்போது இரண்டு குறிகளும் திரும்பும்: 5 ≥ x > −1. ஏன் திரும்புகிறது? 2 < 3. ஆனால் −2 > −3. கோட்டில் பூஜ்ஜியத்துக்கு மறுபக்கம் போனால் வரிசை தலைகீழாகிறது, அவ்வளவுதான். இதைக் காட்ட ஒரு நிமிடம் போதும். ஆனால் வகுப்பில் கேட்பது ‘மைனஸ் வந்தால் திருப்பு’ என்கிற மந்திரம் மட்டுமே.

போர்ஷன் முடிக்க நேரமில்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். அதிலும் நியாயம் உண்டு. என் கவலை வேறு. பொதுத்தேர்வுக் கணக்கில் 90-க்கு 20 மதிப்பெண் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு. நான்கில் ஒன்றை ‘டிக்’ அடிக்கக் கோடு எதற்கு? நுழைவுத்தேர்வுப் பயிற்சியிலோ x-க்கு 0 போட்டுப் பார்த்து, ஒத்துவராத விடைகளைத் தள்ளிவிடும் குறுக்குவழியே பாடமாகிவிட்டது. கணக்கில் வரைந்து யோசிக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே அற்றுப்போகும்போலிருக்கிறது.

வினாத்தாள் தயாரிப்பவர்களே, இந்தப் பாடத்தில் ஒரு வினாவையாவது ‘எண்கோட்டில் குறித்துக் காட்டுக’ என்று முடியுங்கள். கோட்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.